சார்புச் செலுத்தலின் தானியக்கம்: ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தில் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் எனப்படும் சார்புச் செலுத்தல், வலைச் செயலிகளை எழுதுவோர் இன்று பரவலாகப் பின்பற்றும் ஒரு நிரலாக்க முறை. ஒரு மென்பொருள் உறுப்பு தன் வேலைக்குத் தேவையான பிற உறுப்புகளைத் தானே உருவாக்கிக்கொள்ளாது; அவற்றை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும். இந்த முறையின் அடிப்படை இதுவே. கொடுக்கும் வேலையை நிரலர் கையால் எழுதலாம், அல்லது ஒரு சட்டகத்திடம் ஒப்படைக்கலாம். ஒப்படைப்பதையே தானியக்கம் என்கிறோம். ஸ்பிரிங், ஆங்குலர், ஏஎஸ்பி டாட்நெட் கோர், லாராவெல் ஆகிய சட்டகங்கள் அனைத்திலும் இந்தத் தானியக்கம் உள்ளது. அது எதைத் தருகிறது, எதை மறைக்கிறது, கற்கும் மாணவர் அதை எந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

பள்ளிக் கணிதத்தில் ‘சார்பு’ என்னும் சொல், ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு இணைக்கும் விதியைக் குறிக்கும். இங்கே அந்தப் பொருள் இல்லை. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருத்தல் என்னும் இயல்பான பொருளே இங்குக் கொள்ளத்தக்கது. குழப்பத்தைத் தவிர்க்க, ஓர் உறுப்பு நம்பியிருக்கும் மற்றோர் உறுப்பைத் ‘துணைப்பொருள்’ என்று இக்கட்டுரை குறிப்பிடும். இனக்குழு, பொருள், ஆக்கி, இடைமுகம், நிரல்பெயர்ப்பி ஆகிய சொற்கள் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில் வழங்கும் பொருளிலேயே இங்கும் வருகின்றன.

துணைப்பொருளைக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஆக்கி வழி: பொருள் உருவாகும்போதே அதற்கு வேண்டியவை அளவுருக்களாகக் கொடுக்கப்படும். இரண்டாவது அமைப்பு முறை வழி: பொருள் உருவான பின் தனி அழைப்பின் மூலம் கொடுக்கப்படும். மூன்றாவது புல வழி: பொருளின் உள்ளே இருக்கும் மாறியில் சட்டகம் நேரடியாக மதிப்பை வைக்கும். முதல் இரண்டையும் கையால் எளிதாகச் செய்யலாம். மூன்றாவது நடைமுறையில் தானியக்கத்தை நம்பியே நிற்கிறது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

எடுத்துக்காட்டு: ஒரு மலைப் பள்ளியின் மதிப்பெண் செயலி

ஜவ்வாது மலையில் உள்ளது போன்ற ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஒரு வலைச் செயலி எழுதப்படுகிறது என்று கற்பனை செய்துகொள்ளலாம். ஆசிரியர் மதிப்பெண்ணைப் பதிவு செய்கிறார். ஊரில் இருக்கும் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. இதற்கு நான்கு உறுப்புகள் போதும்: தரவுத்தளத்தோடு பேசும் ‘களஞ்சியம்’, செய்தி அனுப்பும் ‘அனுப்பி’, இரண்டையும் பயன்படுத்தி வேலையைச் செய்யும் ‘மதிப்பெண் சேவை’, உலாவியிலிருந்து வரும் கோரிக்கையைப் பெற்றுச் சேவையிடம் கொடுக்கும் ‘வாயில்’.

மதிப்பெண் சேவை தன் உள்ளேயே ஓர் அனுப்பியை உருவாக்கிக்கொண்டால் என்ன ஆகும்? நிரலர் சேவையைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையான பெற்றோருக்கு உண்மையான செய்தி போய்ச் சேரும். மகன் தேர்ச்சி பெறவில்லை என்ற சோதனைச் செய்தி, காட்டு வேலையில் இருக்கும் ஒரு தந்தையின் கையில் கிடைக்கும். அனுப்பியை வெளியிலிருந்து கொடுத்தால் இந்த ஆபத்து இல்லை. சோதனையின்போது எதையும் அனுப்பாத போலி அனுப்பி ஒன்றைக் கொடுக்கலாம். சேவையின் நிரலில் ஒரு வரியும் மாறாது. சார்புச் செலுத்தலின் முதற்பயன் இதுதான். இதைப் பெற எந்தச் சட்டகமும் தேவையில்லை.

கையால் செய்தால் செயலியின் தொடக்கத்தில் நான்கு வரிகள் வரும். களஞ்சியத்தை உருவாக்கு, அனுப்பியை உருவாக்கு, இரண்டையும் கொடுத்துச் சேவையை உருவாக்கு, சேவையைக் கொடுத்து வாயிலை உருவாக்கு. பூவை நாரில் கோப்பது போல உறுப்புகளை ஒன்றோடொன்று கோக்கும் இந்த இடத்தை ‘கோக்கும் இடம்’ எனலாம். செயலியின் முழு அமைப்பும் அந்த ஒரே பக்கத்தில் தெரியும்.

காவலூர்த் தொலைநோக்கி தரும் ஒப்பீடு

மென்பொருளுக்கு வெளியே இக்கருத்தின் தெளிவான உருவம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கு 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

தொலைநோக்கியின் வேலை ஒளியைத் திரட்டிக் குவியத்தில் சேர்ப்பது. அந்த ஒளியை என்ன செய்வது என்பதைக் குவியத்தில் பொருத்தப்படும் கருவி முடிவு செய்கிறது. நிறமாலைமானி பொருத்தினால் ஒளி பகுக்கப்படும். படக்கருவி பொருத்தினால் படம் கிடைக்கும். ஒளிமானி பொருத்தினால் ஒளியின் ஏற்ற இறக்கம் பதிவாகும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் ஒளி விட்டுவிட்டு மங்கியதை 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. கருவி தொலைநோக்கிக்குள்ளேயே பிரிக்க முடியாமல் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு தொலைநோக்கி தேவைப்பட்டிருக்கும். கருவி வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. பொருந்த வேண்டிய முகப்பின் அளவு முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. மென்பொருளில் அந்த முகப்பின் பெயர் இடைமுகம்.

ஒப்பீடு இதோடு நிற்பதில்லை. எந்த இரவில் எந்தக் கருவி பொருத்தப்பட்டிருந்தது என்பது தெரியாமல் அந்த இரவின் தரவை ஒருவர் பயன்படுத்த முடியாது. பொருத்தியது யார், எப்போது, எதை என்பது ஆய்வின் ஒரு பகுதி. கருவிகள் தாமாகவே பொருந்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று வந்தால் உழைப்பு மிச்சமாகும். ஆனால் எது பொருந்தியது என்ற பதிவும் கூடவே வராவிட்டால், மிச்சமான உழைப்பைவிட இழப்பு பெரிது. சார்புச் செலுத்தலின் தானியக்கம் பற்றிய விவாதம் முழுவதும் இந்தப் புள்ளியைச் சுற்றியே நடக்கிறது.

வரலாறு

பெயர் வருவதற்கு முன்பே முறை வழக்கத்தில் இருந்தது. ராட் ஜான்சன் 2002இல் ஜாவா நிறுவனச் செயலிகளைப் பற்றி எழுதிய நூலோடு வெளியிட்ட நிரல்களே ஸ்பிரிங் சட்டகத்தின் வித்து. 2003இல் பிகோகன்டெய்னர் போன்ற சிறு கொள்கலன்கள் வந்தன. பொருள்களை உருவாக்கி, கோத்து, வைத்திருக்கும் மென்பொருளுக்குக் கொள்கலன் என்று பெயர். 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை இம்முறைக்கு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்பிரிங் 1.0 வெளிவந்தது.

தொடக்கக் காலத்தில் எந்தப் பொருளுக்கு எது துணை என்பது பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதப்பட்டது. செயலி வளர வளர அக்கோப்புகள் நிரலைப் போலவே நீண்டன. அவற்றில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் நிரல்பெயர்ப்பி கண்டுபிடிக்காது. இந்தச் சலிப்பிலிருந்தே அடுத்த கட்டம் பிறந்தது. 2007இல் கூகிளின் ‘ஜூஸ்’ கொள்கலன், நிரலிலேயே ஒரு குறிப்பை இட்டால் போதும் என்ற வழியைக் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்பிரிங் 2.5, ‘ஆட்டோவயர்டு’ என்னும் குறிப்பைத் தந்தது. 2009இல் ஜேஎஸ்ஆர் 330 என்ற தரநிலை, ஜாவா உலகில் இக்குறிப்புகளுக்குப் பொதுப்பெயர்களை அளித்தது. 2014இல் வெளியான ஸ்பிரிங் பூட் 1.0, நிரலோடு எந்த நூலகங்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்தே பல பொருள்களைத் தானாக அமைக்கத் தொடங்கியது. 2016இல் ஸ்பிரிங் 4.3 வந்தபின், ஓர் இனக்குழுவில் ஒரே ஆக்கி இருந்தால் அந்தக் குறிப்புகூடத் தேவையில்லை என்றானது. அதே ஆண்டில் வெளிவந்த ஏஎஸ்பி டாட்நெட் கோர், கொள்கலனைச் சட்டகத்தின் உள்ளேயே வைத்தது.

இந்த வரலாறு ஒரே திசையில் செல்கிறது. முதலில் கோக்கும் செய்தி தனிக் கோப்பில் இருந்தது. பிறகு நிரலுக்குள் குறிப்பாக வந்தது. இறுதியில் எழுதப்படாமலேயே போனது. எழுதும் உழைப்பு ஒவ்வொரு படியிலும் குறைந்தது. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தியும் அதே அளவு குறைந்தது.

தானியக்கம் செய்யும் வேலைகள்

கொள்கலன் செய்வதை மூன்று வேலைகளாகப் பிரித்தால் திறனாய்வு எளிதாகும்.

முதல் வேலை கண்டறிதல். நிரலில் எந்தெந்த இனக்குழுக்கள் கொள்கலனின் பொறுப்பில் உள்ளன என்று தேடிப் பட்டியலிடுவது இது.

இரண்டாவது வேலை பொருத்துதல். ஒவ்வோர் ஆக்கியும் கேட்கும் வகைகளைப் பார்த்து, அவற்றுக்கு ஏற்ற பொருளைக் கொள்கலன் தேர்ந்தெடுக்கிறது. எதை முதலில் உருவாக்க வேண்டும் என்ற வரிசையும் இதிலேயே அடங்கும். சேவைக்கு முன் களஞ்சியம், வாயிலுக்கு முன் சேவை என்று சார்பு வரைபடத்தைப் பின்பற்றிக் கொள்கலன் செல்கிறது.

மூன்றாவது வேலை ஆயுளைக் கவனித்தல். ஒரு பொருள் செயலி முழுவதற்கும் ஒன்றா, ஒரு கோரிக்கைக்கு ஒன்றா, கேட்கும்போதெல்லாம் புதிதா என்பதைக் கொள்கலன் நடைமுறைப்படுத்துகிறது.

இவை மூன்றும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. கண்டறிதலும் வரிசைப்படுத்தலும் இயந்திரத்துக்கு ஏற்ற வேலைகள். எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பவை செயலியின் பொருளைப் பற்றிய முடிவுகள். தானியக்கத்தின் குறைகள் பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டிலேயே எழுகின்றன.

நன்மைகள்: எவை உண்மை, எவை மிகை

கொள்கலனை ஆதரிப்போர் அடிக்கடி சொல்லும் காரணம் ஒன்று உண்டு. ஆழத்தில் இருக்கும் ஓர் உறுப்புக்குப் புதிய துணைப்பொருள் தேவைப்பட்டால், கையால் கோக்கும் முறையில் மேலிருந்து கீழ்வரை எல்லா ஆக்கிகளையும் மாற்ற வேண்டும் என்பது அது. இது சரியன்று. மதிப்பெண் செயலியில் களஞ்சியத்துக்குப் புதிதாக ஒரு கடிகாரம் தேவை என்று கொள்வோம். மாறுவது களஞ்சியத்தின் ஆக்கியும், கோக்கும் இடத்தில் களஞ்சியத்தை உருவாக்கும் அந்த ஒரு வரியும் மட்டுமே. சேவையும் வாயிலும் ஏற்கெனவே உருவான களஞ்சியத்தைப் பெறுபவை. அதன் உள்ளே கடிகாரம் இருப்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. மாற்றம் எல்லா அடுக்கிலும் பரவினால், கோக்கும் வேலை ஓரிடத்தில் இல்லாமல் சிதறியிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து கோக்கும் இடத்தை ஒன்றாக்குவது. கொள்கலன் அதைச் செய்வதற்கான பல வழிகளில் ஒன்று.

உண்மையான நன்மைகள் வேறு. நூற்றுக்கணக்கான இனக்குழுக்கள் உள்ள செயலியில், பலர் சேர்ந்து வேலை செய்யும்போது, எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்ற முடிகிறது. தரவுத்தளப் பரிமாற்றத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் போன்ற வேலைகளை ஒவ்வொரு சேவையிலும் எழுதாமல், பொருளைச் சுற்றி ஓர் உறையாகச் சட்டகமே இட்டுத் தருகிறது. கோரிக்கை முடிந்ததும் அதற்காகத் திறந்த இணைப்புகளை மறவாமல் மூடுகிறது. கையால் எழுதினால் மறந்துபோகக்கூடிய வேலைகள் இவை. இவற்றுக்காகக் கொள்கலனைப் பயன்படுத்துவது நியாயமானது.

குறைகள்

சத்தமில்லாத தேர்வு

ஒரே இடைமுகத்துக்கு இரண்டு பொருள்கள் இருந்தால் கொள்கலன் எதை எடுக்கும்? சட்டகத்துக்குச் சட்டகம் விடை மாறுகிறது. ஸ்பிரிங் இரண்டில் ஒன்று முதன்மை என்று குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கும். இல்லையெனில் அளவுருவின் பெயரோடு ஒப்பிடும். அதுவும் பொருந்தாவிட்டால் பிழை காட்டி நிற்கும். ஏஎஸ்பி டாட்நெட் கோரின் கொள்கலன், கடைசியாகப் பதிவு செய்யப்பட்டதை எதுவும் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஆவணங்கள் உள்ளன. இரண்டும் தத்தம் அளவில் சீரானவை. ஆனால் மதிப்பெண் சேவையின் நிரலைப் படிப்பவருக்கு எந்த அனுப்பி வந்து சேர்ந்தது என்பது அந்த நிரலிலிருந்து தெரியாது.

‘வேறு எதுவும் இல்லையென்றால் இதைப் பயன்படுத்து’ என்னும் நிபந்தனை இன்னும் நுட்பமானது. உண்மையான அனுப்பிக்கான அமைப்பு விடுபட்டால் போலி அனுப்பி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். செயலி இயங்கும், திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வரும், ஒரு பெற்றோருக்கும் செய்தி போகாது. ஸ்பிரிங் பூட்டில் இதற்கு நன்கறியப்பட்ட ஓர் இணை உண்டு. எச்2 என்னும் தரவுத்தள நூலகம் நிரலோடு இருந்து, வேறு தரவுத்தள அமைப்பு எதுவும் தரப்படாவிட்டால், நினைவகத்திலேயே இயங்கும் ஒரு தரவுத்தளத்தைச் சட்டகம் அமைத்துக்கொடுக்கும். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி. அதே நிலையில் செயலியைப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டால், மறுதொடக்கத்தின்போது பதிந்த மதிப்பெண்கள் அனைத்தும் போய்விடும்.

ஆயுள் பொருந்தாமை

இரண்டாவது குறை அதிக ஆபத்தானது. நீண்ட ஆயுள் உள்ள பொருள், குறுகிய ஆயுள் உள்ள பொருளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டால், குறுகிய ஆயுளுக்கு உரியது விடுபடாமல் தங்கிவிடும். இத்துறையில் விரிவாக எழுதிய மார்க் சீமன் இதைச் சிறைப்பட்ட துணைப்பொருள் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார்.

மதிப்பெண் சேவை செயலி முழுவதற்கும் ஒன்று. ‘நடப்புப் பயனர்’ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று. அது உருவாகும்போதே உள்நுழைந்தவர் யார் என்பதைப் படித்து வைத்துக்கொள்கிறது. சேவையின் ஆக்கி நடப்புப் பயனரைக் கேட்டால், முதலில் உள்நுழைந்தவர் யாரோ அவரே சேவைக்குள் நிலைத்துவிடுவார். இரண்டாவதாக நுழையும் மாணவி தன் மதிப்பெண்ணைக் கேட்கும்போது முதல் மாணவியின் மதிப்பெண் வரும். மருத்துவப் பதிவோ வங்கிக் கணக்கோ ஆனால் இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் அமர்ந்து சோதிக்கும்போது இந்தப் பிழை வெளிப்படாது என்பது இதன் கொடுமை.

கையால் எழுதினாலும் இப்பிழை நேரலாமே என்று கேட்கலாம். நேரலாம்; ஆனால் எளிதில் நேராது. கோக்கும் இடம் செயலியின் தொடக்கத்தில் இயங்குகிறது. அப்போது உள்நுழைந்தவர் எவரும் இல்லை. சேவைக்குக் கொடுக்க ஒரு பயனர் கையில் இல்லாததால், நிரலர் அந்த வரியை எழுத முடியாமல் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். கையால் கோப்பதில் உள்ள அந்தத் தடை ஒரு பாதுகாப்பு. தானியக்கம் தடையை நீக்கும்போது பாதுகாப்பையும் சேர்த்தே நீக்குகிறது. ஏஎஸ்பி டாட்நெட் கோர், உருவாக்கச் சூழலில் இத்தகைய பொருந்தாமையைத் தானே சரிபார்த்துப் பிழை காட்டுகிறது. நீக்கிய தடையை வேறு வடிவில் மீண்டும் வைத்ததற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

பெயரை நம்பிய பொருத்தம்

2010இல் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ், செயற்கூற்றின் நிரல் உரையையே படித்து, அளவுருக்களின் பெயர்களைக் கொண்டு துணைப்பொருள்களைக் கண்டுபிடித்தது. எழுதுவதற்கு மிக எளிது. ஆனால் வலைத்தளங்களில் நிரலைச் சுருக்கி அனுப்புவது வழக்கம். சுருக்கும் கருவி நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாக மாற்றிவிடும். உருவாக்கியவரின் கணினியில் ஓடிய செயலி, சுருக்கிய பின் நின்றுபோனது. தீர்வாகப் பெயர்களை மீண்டும் ஒருமுறை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டியிருந்தது. அந்த வேலை சலிப்பூட்டியதால், அதைத் தானாகச் செய்யும் தனிக் கருவிகள் எழுந்தன. ஒரு தானியக்கத்தின் பிழையைத் திருத்த இன்னொரு தானியக்கம் தேவைப்பட்ட நிலை அது.

இது ஒரு சட்டகத்தின் தனித்தவறு அன்று. 2023 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6.1, அளவுருப் பெயர்களைக் கண்டறியும் பழைய வழி ஒன்றைக் கைவிட்டது. நிரல்பெயர்ப்பியிடம் பெயர்களைக் காத்து வைக்கும்படி தனியே சொல்லாத செயலிகளில் பெயரை நம்பிய பொருத்தங்கள் தவறின. நிரலர்கள் வெறும் அடையாளம் என்று கருதி வைத்த பெயருக்குச் சட்டகம் பொருள் ஏற்றிவிட்டால், பெயரை மாற்றுவதும் நிரலை மாற்றுவதாகிவிடும்.

வலியை மறைத்தல்

ஓர் ஆக்கிக்குப் பன்னிரண்டு அளவுருக்கள் இருந்தால், அந்த இனக்குழு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். புல வழிச் செலுத்தலில் அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டு சிறு குறிப்புகளாக உள்ளே கிடக்கும்; ஆக்கி வெறுமையாகத் தெரியும். சேர்ப்பது எளிதாக இருப்பதால் சேர்ந்துகொண்டே போகும். ஆக்கி வழியையே பரிந்துரைப்பதாக ஸ்பிரிங் ஆவணங்கள் சொல்கின்றன. ஆயினும் புல வழியில் எழுதப்பட்ட நிரல் உலகெங்கும் குவிந்திருக்கிறது.

வட்டச் சார்பும் இப்படித்தான். முதலாவது இரண்டாவதை நம்பி, இரண்டாவது முதலாவதை நம்பினால், கையால் கோக்க முடியாது. எதையும் முதலில் உருவாக்க இயலாது. கொள்கலன் பாதி உருவான பொருளைக் கொடுத்து இதைச் சமாளித்து வந்தது. 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 இத்தகைய வட்டங்களை இயல்பாகத் தடை செய்தது. சமாளித்துக் கொடுத்தது உதவியன்று என்பதைச் சட்டகமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

எதிர்வாதமும் மாற்று வழிகளும்

கொள்கலனின் பிழைகள் இயக்க நேரத்தில்தான் தெரியும் என்ற குற்றச்சாட்டு ஓரளவே சரி. செயலி முழுவதற்கும் ஒன்றாக இருக்கும் பொருள்களை ஸ்பிரிங் தொடக்கத்திலேயே உருவாக்குகிறது. ஏதேனும் விடுபட்டிருந்தால் செயலி எழும்போதே நின்றுவிடும். பயனர் பாதி வழியில் மாட்டிக்கொள்வதில்லை. தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்த நன்மை குறையும்.

இன்னும் முன்கூட்டியே பிழையைக் காணும் வழிகளும் உள்ளன. ஆண்ட்ராய்டு உலகில் புகழ்பெற்ற டாகர், 2018இல் வந்த மைக்ரோநாட், 2019இல் வந்த குவார்க்கஸ் ஆகியவை பெயர்க்கும் நேரத்திலேயே கோக்கும் வேலையை முடித்துவிடுகின்றன. கூகிள் 2018இல் கோ மொழிக்காக வெளியிட்ட ‘வயர்’ கருவி, மனிதர் கையால் எழுதியது போன்ற சாதாரண நிரலை உருவாக்கித் தருகிறது; அதைத் திறந்து படிக்கலாம். உழைப்பு மிச்சமாகிறது, எது எங்கே பொருந்தியது என்ற பதிவும் கையில் இருக்கிறது. காவலூர் ஒப்பீட்டில் கேட்கப்பட்ட இரண்டும் இங்கே கிடைக்கின்றன. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, செயலியை முன்கூட்டியே பகுத்து நிரலாக்கும் வசதியைச் சேர்த்தது. அதன் முதல் நோக்கம் தொடக்க நேரத்தையும் நினைவகத்தையும் குறைப்பதே. எனினும் அமைப்பு முன்னரே வரையறுக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கும் அதனுடன் வந்தது.

கையால் கோப்பதற்கு முன்னர் வழங்கிய ஆங்கிலப் பெயரின் பொருள் ‘ஏழையின் செலுத்தல்’ என்பது. சீமன் 2014இல் அப்பெயரைக் கைவிட்டுத் ‘தூய செலுத்தல்’ என்னும் பொருள் தரும் பெயரைச் சூட்டினார். கருவி இல்லாதவர் வேறு வழியின்றிச் செய்வது என்ற இழிவு முதற்பெயரில் இருந்தது. சிறிய, நடுத்தரச் செயலிகளுக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கத்தக்கது என்பதை இரண்டாவது பெயர் நினைவூட்டுகிறது.

கற்றல் நோக்கில்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், செயற்கூறுகளைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது. இடைமுகத்துக்கும் செயல்படுத்தலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே வருகிறது. தனக்குத் தரப்பட்ட அளவுருக்களை மட்டும் நம்பி விடை தரும் தூய செயற்கூறும் வருகிறது. சார்புச் செலுத்தலின் வேர் இவ்விரண்டுமே. தேவையானவற்றை அளவுருக்களாக வெளிப்படையாகக் கேள். பெயரைப் பார்க்காமல் முகப்பை நம்பு. மலைக் கிராமத்துப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்கும் இந்த வேர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சட்டகத்தின் பெயர் தெரியாததால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் எண்ண வேண்டியதில்லை.

சட்டகத்திலிருந்தே கற்கத் தொடங்குபவர், குறிப்பை இட்டால் பொருள் வந்துவிடும் என்று பழகுகிறார். வராதபோது இன்னொரு குறிப்பை இட்டுப் பார்க்கிறார். ஏன் வந்தது என்று அறியாதவரால், ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க இயலாது. சட்டகம் மாறும்போது அவருடைய அறிவும் மதிப்பிழந்துவிடுகிறது. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் இறுதியோடு முடிந்தது. அதன் குறிப்புகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. துணைப்பொருளை ஏன் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவருக்குப் புதிய சட்டகம் சில நாள் வேலை.

ஆகவே கற்கும் வரிசை முக்கியம். ஐந்தாறு இனக்குழுக்கள் கொண்ட ஒரு செயலியை முதலில் கையால் கோத்துப் பார்க்க வேண்டும். போலிப் பொருளைக் கொடுத்து ஒரு சோதனை எழுத வேண்டும். ஒரு கோரிக்கைக்கு மட்டும் உரிய பொருளை எங்கே உருவாக்குவது என்று தடுமாறிப் பார்க்க வேண்டும். அதன்பின் அதே செயலியைக் கொள்கலனுக்கு மாற்றினால், எந்த வரிகளுக்குப் பதிலாகக் கொள்கலன் வந்தது என்பது மறக்காது.

மதிப்பீடு

சார்புச் செலுத்தல் ஒரு நல்ல வடிவமைப்பு முறை. அதன் தானியக்கம் ஒரு வசதி. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே மாணவரிடையே நிலவும் பெரிய குழப்பம். முதலாவதற்கு இரண்டாவது தேவையில்லை. இரண்டாவது இருப்பதால் முதலாவது தானே வந்துவிடுவதும் இல்லை. கொள்கலனைப் பயன்படுத்திக்கொண்டே மோசமாகக் கோக்கப்பட்ட செயலிகள் ஏராளம்.

தானியக்கத்தை ஏற்கும் குழு சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பொருள் எங்கே பொருந்தியது என்பதை ஓரிடத்தில் பார்க்க முடியுமா? இரண்டு பொருள்கள் போட்டியிட்டால் சட்டகம் நின்று கேட்குமா, தானே முடிவெடுக்குமா? ஆயுள் பொருந்தாமையை அது சரிபார்க்குமா? ஒரு துணைப்பொருள் விடுபட்டால் பிழை எப்போது தெரியும்: பெயர்க்கும்போதா, தொடங்கும்போதா, பயனர் பொத்தானை அழுத்தும்போதா? இக்கேள்விகளுக்கு நல்ல விடை தரும் கருவி உழைப்பை மிச்சப்படுத்துகிறது. விடை தராத கருவி உழைப்பைத் தள்ளிப்போடுகிறது. பிழை தேடும் நாளில் அது வட்டியோடு திரும்பி வரும்.

இருபது வருட அனுபவத்துக்குப் பின் சட்டகங்களே வட்டச் சார்பைத் தடுத்தும், ஆயுளைச் சரிபார்த்தும், கோக்கும் வேலையைப் பெயர்க்கும் நேரத்துக்கு முன்னகர்த்தியும் வருகின்றன. இவை எல்லாம் வெளிப்படையான கோத்தலை நோக்கிய நகர்வுகள். மதிப்பெண் சரியான மாணவியிடம் போய்ச் சேர்ந்ததா, செய்தி சரியான பெற்றோருக்குப் போனதா என்பதற்குக் கொள்கலன் பொறுப்பேற்காது. பொறுப்பு நிரலரிடமே இருக்கிறது. பொறுப்பேற்பவருக்கு எது எதோடு கோக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.